செருப்புக் கணக்கு

நான் கர்வக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு யாரும் சிரமப்பட்டுக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மேலப்பாளையத்துப் பள்ளிவாசல் ஒன்றின் மினாராவில் 1998 டிசம்பரில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. நான் எழுதிய எழுபது வரி சொல்லித்தான் அது எரிந்தது. அதற்காக இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்போது தச்சநல்லூரில் சிவசங்கரன் அண்ணாச்சி நடத்திய கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்தேன். கடைக்கு முன்னால் ஜெராக்ஸ் மிஷின், பின்னால் நான். எம்.சி.ஏ. படித்தவள் என்று சொன்னாலும் கல்யாண வீடுகளில் மாமிகள் விடுவதில்லை. "டைப் அடிக்க வேலையாம்மா?" என்று கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

துபாயில் இருக்கும் ஒருவர் ஊருக்கு வந்தபோது பள்ளிவாசலுக்கு ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதை வைத்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆபீஸ் அறையில் பூப்போட்ட துணியால் மூடி வைத்திருந்தார்கள். ஜமாஅத் செயலாளர் முகம்மது இப்ராஹிம் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஒரு சாமான் சும்மா கிடப்பதைப் பார்த்தால் அவருக்கு ஆகாது. அவரே கடைக்கு வந்து விஷயத்தைச் சொன்னார்.

"நோன்பு தெறக்க நேரத்த மைக்குலதான் சொல்லுதோம். மழைக்காலத்துல சரியா அந்த நேரத்துக்குக் கரண்டு போயிருது. பக்கத்துத் தெருவுக்குக் கேட்டுரும். தள்ளி இருக்க தெருவுல பொம்பளையாளுக மொட்ட மாடில நின்னுக்கிட்டு ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்காங்க. மினாராவுல ஒரு வெளக்கு வேணும். பத்து நிமிசம் முந்தி செவப்பு எரியணும். நேரம் ஆனதும் பச்ச எரியணும். பேட்டரில ஓடணும். நேரம் தெனமும் மாறும், அத கம்ப்யூட்டர் பாத்துக்கிடுமா?"

"பாத்துக்கிடும் சார்" என்றேன். அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குத் தெரியும், எப்படி என்று எனக்கே தெரியாது.

விளக்கைச் செய்தவர் தாஜ் முகம்மது, மேலப்பாளையம் பஜாரில் ரேடியோ ரிப்பேர் பார்ப்பவர். நான் தாஜ் பாய் என்பேன். இருநூறு சிவப்பு எல்.இ.டி., முந்நூறு பச்சை எல்.இ.டி., ஒவ்வொன்றாகப் பற்றவைத்து இரண்டு பலகை செய்தார். வாசலில் தொழுகை நேரத்தைக் காட்ட மூன்றாவதாக ஒரு எண் பலகை. மூன்றுக்கும் சேர்த்து ஒரே சப்ளை பெட்டி. லாரி பேட்டரியிலிருந்து கரண்டை எடுத்து எல்.இ.டி.க்குத் தகுந்தபடி மாற்றிக் கொடுக்கும். அதை ஆன் செய்யவும் ஆஃப் செய்யவும் ஒரு ரிலே வைத்திருந்தார். ஆன் ஆனாலும் ஆஃப் ஆனாலும் 'டக்' என்று ஒரு சத்தம் வரும்.

இனி என் பங்கு. ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த குறுந்தட்டிலிருந்து லினக்ஸை அந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். லினக்ஸுக்கு உள்ளே நடுவில் கெர்னல் என்று ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டரோடு மாட்டிய எந்தச் சாமானோடும் அதுதான் பேச வேண்டும். ஒவ்வொரு சாமானிடமும் எப்படிப் பேசுவது என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பது டிரைவர். பிரிண்டருக்கு டிரைவர் உண்டு, மவுஸுக்கு உண்டு. தாஜ் பாயின் விளக்குக்கு உலகத்தில் எங்கேயும் டிரைவர் கிடையாது. நான் எழுதினேன். பிரிண்டர் மாட்டுகிற துளையில் விளக்கை மாட்டி, கெர்னலுக்குள் என் டிரைவரை ஏற்றினேன். எழுதியது சித்ரலேகா, திருநெல்வேலி என்று முதல் வரியிலேயே போட்டேன். அந்த வரியை ஒரு நாளைக்கு நாலு தடவையாவது திறந்து பார்ப்பேன்.

அன்றன்றைய நேரத்தைப் பார்த்து, எந்த விளக்கை எப்போது ஏற்ற வேண்டும் என்று டிரைவருக்குச் சொல்லத் தனியாக ஒரு ப்ரோகிராமும் எழுதினேன். டிரைவர் செய்வது இவ்வளவுதான். விளக்கை ஏற்றச் சொன்னால் முதலில் சப்ளையை ஆன் செய்யும், பிறகு விளக்கை ஏற்றும். அணைக்கச் சொன்னால் விளக்கை அணைத்துவிட்டு சப்ளையை ஆஃப் செய்யும். இரண்டு மாதம் வாசல் பலகை ஐந்து வேளையும் பிசகாமல் எரிந்தது, பிசகாமல் அணைந்தது. மினாரா விளக்குகளையும் சோதித்தேன். சிவப்பை ஏற்றி அணைத்தேன், பச்சையை ஏற்றி அணைத்தேன். தாஜ் பாய் கீழே நின்று கட்டைவிரலைக் காட்டினார்.

சிவப்பு போய்ப் பச்சை வருகிற நொடியைப் பற்றி இப்ராஹிம் சார் ஒன்று சொல்லியிருந்தார். "நடுவுல இருட்டு விழக்கூடாதும்மா. பாக்குதவங்க கரண்டு போச்சோன்னு கொழம்பிருவாங்க." எனக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. அதனால் பச்சையை முதலில் ஏற்றி, அது எரிந்த பிறகு சிவப்பை அணைக்கும்படி எழுதினேன். ஒரு இமைப்பு கூட இருட்டு கிடையாது. எவ்வளவு நேர்த்தி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பராஅத் நோன்பு அன்றைக்குத்தான் முதன்முதலாக மினாராவில் எரிய விட்டோம். ரமலானுக்குப் பதினைந்து நாள் முன்பு வரும் நோன்பு அது. எங்கள் வீட்டில் விரதம் என்றால் மத்தியானம் இட்லி, சாயங்காலம் பழம், இடையில் காப்பி. பச்சைத் தண்ணீர் கூடப் படாமல் ஒரு ஊரே மாலை வரைக்கும் இருந்துவிட்டு ஒரே நொடிக்குக் காத்திருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது, கரண்டு போயிருந்தது. மினாராவில் சிவப்பு எரிந்தது. தெருத் தெருவாக மொட்டை மாடிகளில் குடையும் முக்காடுமாகப் பெண்கள் நின்றார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

நேரம் ஆனது. பச்சை எரிந்தது. அடுத்த நொடியே ஆபீஸ் அறைக்குள் 'டக்' என்று கேட்டது. மினாரா இருண்டுவிட்டது.

பள்ளிக்குள் இருந்தவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்து நோன்பு திறந்துவிட்டார்கள். தள்ளி இருந்த தெருக்களில் பெண்கள் அப்படியே நின்றார்கள். அவர்கள் கண்டது பச்சையா, மின்னலா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. யாரோ சைக்கிளில் போய்ச் சொல்லும் வரைக்கும் கால் மணி நேரம் நின்றார்கள்.

"எங்க உம்மா பேரீச்சம்பழத்தக் கையிலேயே வச்சிக்கிட்டு நின்னிருக்கா" என்றார் தாஜ் பாய். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தால் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன். "ஒன் ப்ரோகிராமுலதான் கோளாறு" என்று சேர்த்துக்கொண்டார்.

"உங்க ரிலேய பாருங்க மொதல்ல."

"ரிலே சொன்னதக் கேக்குது தங்கச்சி. அணைன்னு சொன்னது நீதான்."

தொழுகை முடிந்து இப்ராஹிம் சார் வெளியே வந்தார். கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். அவர் பைய, வகுப்பில் பேசுவது மாதிரி பேசினார்.

"முந்தி எரிஞ்சா ஊரு நோன்பே போயிரும். எரியாம இருந்தா ஊரு பசியோட நிக்கும். ரெண்டும் வேண்டாம்மா. மொத நோன்பு அன்னைக்கு ஒருக்கப் பாப்போம். அன்னைக்கும் இப்படின்னா மறுநா காலைல வெளக்க எறக்கிருவோம்."

அன்றைக்கு வீட்டுக்குப் போவதற்கு முன்பு, ஃபைலின் முதல் வரியை அழித்தேன். என் பெயர் அந்த விளக்கில் இருக்கக் கூடாது என்று தோன்றியது. அழுகையாக வந்தது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

தாஜ் பாய் சொன்னது சரி. பச்சை எரிந்த பிறகு சிவப்பை அணைக்கச் சொன்னேன். டிரைவர் சிவப்பை அணைத்தது, வழக்கம்போல சப்ளையையும் ஆஃப் செய்தது. பச்சை எரிந்துகொண்டிருப்பது அதற்குத் தெரியாது. நான் சொல்லித்தரவில்லை. இரண்டு மாதமாக ஒரு நேரத்தில் ஒரு விளக்குதான் எரிந்தது, அதனால் யாருக்கும் தெரியவில்லை. நோன்பு திறக்கும் அந்த ஒரு நொடியில் மட்டும் இரண்டு விளக்கு சேர்ந்து எரியும். நான் பெருமைப்பட்ட நேர்த்திதான் விளக்கைக் கொன்றது.

"ரிலேயத் தூக்கிருதேன். சப்ளை எப்பவும் ஓடட்டும், சள்ளை விட்டது" என்றார் தாஜ் பாய். ஒரு நாள் அப்படியும் ஓட்டிப் பார்த்தோம். அன்றைக்குக் கரண்டு மூன்று தடவை போயிற்று. மத்தியானத்திற்குள் பெட்டி தொட முடியாத அளவுக்குச் சுட்டது. சாயங்காலம் பேட்டரி இறங்கி, சிவப்பு பீடி நுனி மாதிரி மங்கலாக எரிந்தது. தாஜ் பாயே ரிலேயைத் திரும்ப மாட்டினார்.

அந்த ஆபீஸ் அறை பள்ளியின் வாசலை ஒட்டி இருந்தது. மறுநாள் மத்தியானத் தொழுகை முடிந்து கூட்டம் கலைந்த நேரம். மோதினார் பாவா மின்விசிறிகளை நிறுத்த வந்தார். தொழுகைக்குப் பாங்கு சொல்லி அழைப்பதும் பள்ளியைப் பார்த்துக்கொள்வதும் அவர் வேலை. சுவிட்சுப் பலகை வெளியே என் ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. கையைத் தூக்கியவர் படியைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு ஜோடி செருப்பு கிடந்தது. கையை இறக்கிவிட்டுப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்தார், ஒரு ஜோடி கிடந்தது, போய்விட்டார். மூன்றாம் தடவை படி காலியாக இருந்தது. அப்போதுதான் நிறுத்தினார். உள்ளே யார், எந்த மூலையில் தொழுகிறார் என்று அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டு மாதமாகத் தினமும் இதைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். எம்.சி.ஏ. படித்த மண்டையில் ஒரு குட்டு வைத்துக்கொண்டேன்.

டிரைவருக்குள் ஒரு எண்ணை வைத்தேன். ஒரு விளக்கு எரியும்போது அதில் ஒன்று கூடும், அணையும்போது ஒன்று குறையும். பூஜ்யத்திலிருந்து ஒன்று ஆகும்போது சப்ளை ஆன். திரும்பப் பூஜ்யம் ஆகும்போது மட்டும் ஆஃப். அந்த எண்ணுக்குச் 'செருப்பு' என்று ஆங்கில எழுத்தில் பெயர் வைத்தேன். வேறு எந்தப் பெயரும் எனக்கு அப்போது தோன்றவில்லை.

சிவப்பு எரிந்தது, செருப்பு ஒன்று. பச்சை எரிந்தது, செருப்பு இரண்டு. சிவப்பு அணைந்தது, செருப்பு ஒன்று. சத்தம் வரவில்லை, பச்சை எரிந்தது. தாஜ் பாய் வெளியே போய் இரண்டு டீ வாங்கி வந்தார்.

டீ ஆறுவதற்குள் கரண்டு போயிற்று. கம்ப்யூட்டரின் யூ.பி.எஸ். நாற்பது நிமிடம் தாங்கியது, பிறகு அதுவும் நின்றுவிட்டது. கரண்டு வந்து கம்ப்யூட்டர் திரும்ப எழுந்ததும் சிவப்பை ஏற்றினேன். எரியவில்லை. பச்சையும் எரியவில்லை.

"முந்தியாவது செவப்பு எரிஞ்சிது" என்றார் தாஜ் பாய்.

திரையில் செருப்பு கழித்தல் ஒன்று என்று இருந்தது. ஏன் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. கண்டுபிடித்ததற்கும் பாவாதான் காரணம். உங்களைப் பார்த்துத்தான் எழுதினேன் என்று அவரிடம் பெருமையாகச் சொல்லப் போனேன். அவர் சலித்துக்கொண்டார்.

"அத நம்பாதீங்க. போன வெள்ளிக்கெழம ஒருத்தர் செருப்ப இன்னொருத்தர் மாட்டிக்கிட்டுப் போயிட்டாரு. படில ஒண்ணையும் காணும், நான் காத்தாடிய நிறுத்திட்டேன். உள்ள இருந்தவரு வேர்த்து ஊத்த வந்து என்னைய வஞ்சாரு பாருங்க வசவு."

நான் அவரை அப்படியே விட்டுவிட்டு அறைக்கு ஓடினேன். கம்ப்யூட்டர் எழுந்ததும், எதற்கும் இருக்கட்டும் என்று, மூன்று விளக்கையும் அணைக்கும்படி ப்ரோகிராமில் எழுதியிருந்தேன். எரியாத விளக்கை அணைத்தால் அது யார் செருப்பைப் போட்டுக்கொண்டு போகும்? எண் பூஜ்யத்துக்கும் கீழே கழித்தல் மூன்றுக்கு இறங்கியிருந்தது. அதற்குப் பிறகு இரண்டு விளக்கை ஏற்றியும் கழித்தல் ஒன்றுக்குத்தான் வந்தது. சப்ளை ஆன் ஆகவே இல்லை. ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனியாக ஒரு குறிப்பு வைத்தேன். உள்ளே வந்த விளக்குத்தான் வெளியே போகலாம், தன் செருப்பை மட்டும்தான் எடுக்கலாம். ஏற்கெனவே வெளியே இருப்பதை அணைக்கச் சொன்னால் டிரைவர் காதிலேயே வாங்காது.

ரமலான் பிறை பார்க்கும் நாள் காலையில் சிவசங்கரன் அண்ணாச்சி பார்க்க வந்தார். திரையைப் பார்த்ததும் அவருக்கு முகம் வெளிறிவிட்டது.

"ஏம்மா, பள்ளிவாசல் கம்ப்யூட்டர்ல செருப்புன்னா எழுதி வச்சிருக்க? அவங்க பாத்தா என்ன நெனப்பாங்க? மாத்து மொதல்ல."

"மாத்த மாட்டேன் அண்ணாச்சி."

"பிடிவாதத்தப் பாரு. நாளைக்கு வெளக்கு எரிஞ்சாக்கூட இதுக்காகவே எறக்கிருவாங்க."

மாற்றியிருக்கலாம், ஒரு நிமிட வேலை. ஆனால் அந்த எண் எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தின் பெயரை எடுத்துவிட்டு வேறு எதையோ வைக்க எனக்கு மனம் வரவில்லை. இப்ராஹிம் சார் கதவருகே நின்றிருந்ததை நாங்கள் பார்க்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்து எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"செருப்பு பூஜ்யம், சப்ளை ஆஃப். இது என்னம்மா?"

பாவாவைப் பற்றிச் சொன்னேன். படியில் கிடந்த செருப்பைப் பற்றியும், மாற்றிப் போட்டுக்கொண்டு போனவரைப் பற்றியும் சொன்னேன். அண்ணாச்சி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். இப்ராஹிம் சார் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை.

"ஒருத்தரே ரெண்டு தடவ உள்ள வந்தா?"

"ஒரு ஜோடிதான் சார். ரெண்டாவது தடவ எண்ணாது."

"செருப்ப விட்டுட்டு ஒருத்தர் வெறுங்காலோட வேற வாசல் வழியாப் போயிட்டா? பேட்டரி தீருத வரைக்கும் சப்ளை ஓடுமே."

கணக்கு வாத்தியார் என்பது சும்மா இல்லை. விளக்கை ஏற்றிவிட்டு ப்ரோகிராம் நடுவில் செத்துப்போனால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவே இல்லை. "அதுக்கும் எழுதியிருக்கேன் சார்" என்றேன், முகம் மாறாமல். அன்று மத்தியானம் சாப்பிடாமல் உட்கார்ந்து அதை எழுதினேன். ப்ரோகிராம் எப்படிச் செத்தாலும் கெர்னல் டிரைவருக்குச் சொல்லிவிடும். டிரைவர் அது விட்டுப்போன செருப்புகளை எடுத்து வெளியே போட்டுவிடும்.

காலையில் இப்ராஹிம் சார் கிளம்பும்போதே அண்ணாச்சி மெல்ல, "அந்தப் பேர மாத்தச் சொல்லிருதேன் சார்" என்றார்.

"எதுக்கு? செருப்பு கெடக்க வேண்டிய எடத்துலதான கெடக்கு" என்றார் இப்ராஹிம் சார்.

முதல் நோன்பு அன்றைக்கு நான் ஆபீஸ் அறையில் இருக்கவில்லை. இருந்தால் கை சும்மா இருக்காது, எதையாவது தட்டிவிடுவேன். தாஜ் பாய் தன் வீட்டு மொட்டை மாடிக்கு அனுப்பிவைத்தார். அவருடைய அம்மா ஷரீபா பீவி ஓலைப்பாயில் தட்டும் தண்ணீருமாக உட்கார்ந்திருந்தார். தட்டுக்குப் பக்கத்தில் ஒரு அலாரம் கடிகாரம் இருந்தது.

"நீதான் அந்த வெளக்குப் புள்ளையா?" என்றார்.

"ஆமா."

"அன்னைக்கு என்னைய கால் மணி நேரம் நிக்க வச்சிட்டியே. இன்னைக்குக் கடியாரத்தோட வந்திருக்கேன்."

ஐந்தரைக்குக் கரண்டு போயிற்று. ஆறு மணி நெருங்கும்போது சிவப்பு எரிந்தது. அந்தப் பத்து நிமிடத்தில் செருப்பு ஒன்று, செருப்பு ஒன்று என்று எனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். பச்சை எரிந்தது. ஒரு இமைப்பு நேரம் இரண்டும் சேர்ந்து எரிந்தன. சிவப்பு அணைந்தது. பச்சை எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது.

எல்லா மாடிகளிலும் கைகள் வாய்க்குப் போயின. ஷரீபா பீவி மட்டும் மினாராவைப் பார்த்தார், குனிந்து கடிகாரத்தைப் பார்த்தார், அதற்குப் பிறகுதான் பழத்தை வாயில் போட்டார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"எரியுதுல்லா, பெறவு எதுக்கு அழுத?" என்று நோன்புக் கஞ்சியை என் பக்கம் நகர்த்தினார். குடித்தேன். ஆனால் அந்தக் கடிகாரம் என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலையில் விளக்கை யாரும் இறக்கவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்து முதல் வரியைத் திரும்ப எழுதினேன். இந்தத் தடவை சித்ரலேகா, தாஜ் முகம்மது, பாவா என்று மூன்று பெயர். பாவாவிடம் காட்டியபோது, தன் பெயருக்குக் கீழே இரண்டு வரி தள்ளிச் செருப்பு இருப்பதைப் பார்த்து அரை மனதாகத் தலையாட்டினார்.

பதினேழாம் நோன்பு அன்றைக்குப் பேட்டரி வயரை மாற்றுவதற்காகப் போயிருந்தேன். வேலை முடிந்ததும் தாஜ் பாய் வீட்டு மாடிக்கு ஏறினேன். கரண்டு இல்லை, மழையும் இல்லை. ஷரீபா பீவி அதே பாயில் உட்கார்ந்திருந்தார். தட்டு இருந்தது, தண்ணீர் இருந்தது.

"கடியாரத்தக் காணுமே?" என்றேன்.

"அது எதுக்கு? அடுப்படில கெடக்கும்."

சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. அவர் பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மினாராவையே பார்த்தார். நான் மினாராவைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தில் பச்சை விழுந்தது. குனியாமல், யாரையும் கேட்காமல், பழத்தை வாயில் போட்டார்.